அட்டையின் வளையங்களை எண்ணினால் புத்தகக் கணக்கு ஏன் வரவில்லை?

மலைப்பள்ளி டீச்சர்:

வணக்கம். வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இங்கே அட்டை இல்லாத பாதை கிடையாது. பிள்ளைகளின் சாக்ஸிலேயே வகுப்புக்குள் வந்துவிடும். வந்ததை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஒன்றைக் கண்ணாடித் தட்டில் விட்டு, கைலென்ஸ் கொடுத்து, "உடலில் எத்தனை கண்டம் என்று எண்ணுங்கள்" என்றேன். நான் படித்த கல்லூரிப் புத்தகத்தில் 33 என்று இருந்தது. பிள்ளைகள் எண்ணினால் ஒருவருக்கும் 33 வரவில்லை. அட்டை நீளும்போது தெளிவாகத் தெரிகிற வளையங்கள் தொண்ணூறைத் தாண்டுகின்றன. நானும் எண்ணிப் பார்த்தேன், அப்படித்தான் வருகிறது.

புத்தகம் தவறா, அல்லது மலை அட்டை வேறு மாதிரியா? இன்னொரு பையன், மரவட்டைக்கும் இதே போல வளையம் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பமா என்று கேட்டான். அட்டையும் மண்புழுவும் சேர்ந்த வளைதசைப்புழுக்கள் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் பிள்ளைகளிடம் சரியாகச் சொல்வேன்.

பழைய விலங்கியல்:

டீச்சர், உங்கள் பிள்ளைகள் எண்ணியது சரி. புத்தகமும் சரி. இருவரும் வேறு வேறு பொருளை எண்ணியிருக்கிறார்கள்.

வெளியே தெரியும் வளையம் தோலின் மடிப்பு. கண்டம் என்பது உடலுக்குள் இருக்கும் ஏற்பாடு, வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரிப் பகுதி. மண்புழுவில் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும். வெளியே ஒரு பள்ளம் என்றால் உள்ளே அதே இடத்தில் ஓர் இடைச்சுவர். அதனால் மண்புழுவை வெளியிலிருந்து எண்ணினாலே போதும். அட்டையில் அப்படி இல்லை. உடலின் நடுப்பகுதியில் ஒரு கண்டத்தின் மேல் ஐந்து வளையங்கள் இருக்கும். தலைப் பக்கமும் வால் பக்கமும் போகப்போக அது குறைந்துகொண்டே வரும். எல்லாவற்றுக்கும் ஐந்து என்று வைத்தால் 160-க்கு மேல் வரவேண்டும். ஓரங்களில் குறைவதால்தான் உங்களுக்கு நூறுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஐரோப்பிய மருத்துவ அட்டையில் 102 வளையங்கள்.

அப்படியானால் அட்டையின் கண்டத்தை எதை வைத்து எண்ணுவது? நரம்பை வைத்துத்தான். வயிற்றுப்புறத்தில் தலையிலிருந்து வால் வரை ஒரு நரம்பு வடம் ஓடுகிறது. கண்டத்துக்கு ஒன்றாக அதில் முடிச்சு இருக்கும். தலையில் நான்கு முடிச்சுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. நடு உடலில் 21 தனித்தனியாக நிற்கின்றன. பின் ஒட்டுறுப்பில், அதாவது பெரிய வட்டமாகப் பிடித்துக்கொள்கிறதே அதில், ஏழு சேர்ந்து கிடக்கின்றன. கூட்டினால் 32. தலையின் நுனியையும் ஒன்றாகக் கணக்கில் சேர்ப்பவர்கள் 33 என்று எழுதினார்கள். பழைய நூல்களில் 34 கூட உண்டு. பிள்ளைகளிடம் 32 என்றே சொல்லுங்கள், ஏன் என்பதையும் காட்ட முடியும்.

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அறுத்துப் பார்க்கும் பாடம் இருந்த காலத்தில், குளத்தில் மாடுகளின் மேல் ஏறும் பெரிய அட்டையை மெழுகுத் தட்டில் விரித்து ஊசி குத்துவோம். குடலை ஒதுக்கியதும் நடுவில் கருத்த குழாய் ஒன்று தெரியும். அதை ரத்தக்குழாய் என்று நினைத்து மாணவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அதை மெல்லக் கீறினால்தான் உள்ளே வெள்ளை நூல் தெரியும், சீரான இடைவெளியில் முடிச்சு முடிச்சாக. அட்டையின் நரம்பு வடம் அந்தக் குழாய்க்குள்ளேயே நனைந்தபடி கிடக்கிறது. முதல் முறை அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வகுப்பை எடுத்தேன் என்று சொல்லலாம். இப்போது கல்லூரிகளில் அறுப்பது நின்றுவிட்டது. நின்றது நல்லது. ஆனால் அந்த நூலை இன்றைய மாணவர்கள் ஒரு படத்திலாவது நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

அந்த ஒவ்வொரு முடிச்சிலும் சுமார் 400 நரம்புச் செல்கள்தான். ஒரு முடிச்சில் ஒரு செல் எங்கே இருக்கிறதோ, அடுத்த முடிச்சிலும் அதே இடத்தில் அதன் இணை இருக்கும். அளவில் பெரிய ஒரு ஜோடிச் செல்களை ஸ்வீடனைச் சேர்ந்த ரெட்சியஸ் 1891-லேயே வரைந்து காட்டினார், இன்றும் அவர் பெயரால்தான் அவற்றை அழைக்கிறார்கள். நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று படிப்பவர்கள் இவ்வளவு காலமாக அட்டையை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு முடிச்சைப் புரிந்துகொண்டால் அடுத்ததைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

கண்டம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்கள் எஸ்டேட் லைன் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்புழு வரிசையான லைன் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சுவர், தனிக் கழிவுக் குழாய், தனி மின் மீட்டர். அட்டை, சுவர்களை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிய லைன் வீடு. ஆனால் மீட்டர்களும் கழிவுக் குழாய்களும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. மீட்டரை, அதாவது நரம்பு முடிச்சை, எண்ணினால் எத்தனை வீடு என்று தெரிந்துவிடும்.

சுவரை ஏன் இடித்தது? ரத்தத்துக்காக. ஒரு தடவை ஒட்டினால் தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கிறது. குடித்ததைச் சேர்த்துவைக்க அதன் தீனிப்பை இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகப் பைகளாக விரிகிறது. குறுக்கே சுவர் இருந்தால் அது எப்படி விரியும்? மண்புழுவுக்கோ சுவர் கட்டாயம் வேண்டும். அதற்கு எலும்பு கிடையாது. உடற்குழியில் இருக்கும் திரவத்தின் அழுத்தமே எலும்பின் வேலையைச் செய்கிறது. வட்டத் தசை இறுகினால் அந்தக் கண்டம் ஒல்லியாகி நீளும். நீளத் தசை இறுகினால் குட்டையாகிப் பருக்கும். பருத்த இடத்தில் சீட்டா முட்கள் மண்ணைக் கவ்வும். அழுத்தம் அந்தந்த அறைக்குள்ளேயே நின்றால்தான் ஓர் இடம் நீளும்போது இன்னோர் இடம் பருக்க முடியும். அட்டைக்கு முன்னும் பின்னும் ஒட்டுறுப்பு இருப்பதால், ஒன்றை ஊன்றி மற்றதைத் தூக்கிவைத்து நடந்துவிடுகிறது. சுவரின் தேவை அதற்கு இல்லாமல் போனது.

இன்னொன்றையும் பிள்ளைகளே சரிபார்க்கலாம். குட்டி அட்டையையும் வளர்ந்த அட்டையையும் லென்ஸில் ஒப்பிட்டால் வளையத்தின் எண்ணிக்கை மாறாது, அகலம்தான் மாறும். கருவிலேயே 32 கண்டங்களும் முடிந்துவிடுகின்றன. கருவின் பின்முனையில் ஐந்து ஜோடிப் பெரிய செல்கள் இருக்கும். அவை சின்னச் சின்னச் செல்களை வரிசையாகப் பிரித்து முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த வரிசைகள்தான் கண்டங்களாக அமைகின்றன. விட்மன் என்ற அமெரிக்கர் 1878-இல் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தே எந்தச் செல்லிலிருந்து எது வருகிறது என்று தொடர்ந்தார். சரியாக நூறு வருடம் கழித்து, 1978-இல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வைஸ்பிளாட், ஸ்டென்ட் குழுவினர் ஒற்றைச் செல்லுக்குள் நிறமூட்டக்கூடிய நொதியைச் செலுத்தி அதன் வாரிசுகளை அடையாளம் கண்டார்கள். எனக்கு இதில் பெரிய வியப்பு, 32 வந்ததும் நின்றுவிடுகிறதே அதுதான்.

மரவட்டை கேட்ட பையனுக்கு என் வாழ்த்து. அது பூரான், பூச்சி, இறால் இனத்தோடு கணுக்காலிகளில் சேரும். பாருங்கள், அதன் கணக்கு நேர் தலைகீழ். அட்டையில் ஐந்து வளையம் ஒரு கண்டம். மரவட்டையில் ஒரே வளையம் இரண்டு கண்டங்கள் சேர்ந்தது. அதனால்தான் தலையை அடுத்த முதல் சில வளையங்களைத் தவிர மற்றவற்றில் வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால்கள். திருப்பிப்போட்டு எண்ணச் சொல்லுங்கள்.

வரப்பு:

ஐயா சொன்னதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. பவானிசாகர் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். மஞ்சளுக்குப் பார் பிடிக்கும்போது மண்வெட்டியில் மண்புழு அறுபட்டுவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள், "கவலைப்படாதீங்க, இரண்டும் இரண்டு புழுவாயிரும்" என்கிறார்கள். அறைக்கு அறை எல்லாம் தனித்தனியாக இருக்கிறது என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? பின்பாதிதான் முன்பாதியைவிட நன்றாகத் துள்ளுகிறது.

பழைய விலங்கியல்:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எல்லா அறையும் ஒன்றுபோல இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஆனால் முன்பக்கத்து அறைகள் மட்டும் வேறு.

நம் ஊர் வயல் புழு பெரும்பாலும் லாம்பிட்டோ மௌரிட்டி. பதினோராம் வகுப்பு விலங்கியலில் பிள்ளைகள் படிப்பதும் அதைத்தான். 165 முதல் 190 கண்டங்கள் வரை இருக்கும். மூளை முன்நுனியில், தொண்டைக்கு மேலே. அரைவைப்பை ஆறாவது கண்டத்தில். பக்க இதயங்கள் 6 முதல் 13 வரை எட்டு ஜோடி. தடித்த வளையமாகத் தெரியும் கிளைடெல்லம் 14 முதல் 17 வரை. பெண் துளை 14-இல், ஆண் துளைகள் 18-இல். ஆக உயிர்வாழ அத்தியாவசியமான உறுப்புகளில் பெரும்பாலானவை முதல் இருபது கண்டங்களுக்குள் முடிந்துவிட்டன. அதற்குப் பின்னால் ஏறக்குறைய 150 கண்டங்கள் குடலும் கழிவு நீக்கமும் தசையுமாக ஒரே மாதிரி போகின்றன.

மண்வெட்டி கிளைடெல்லத்துக்கு நன்றாகப் பின்னால் விழுந்தால் முன்பாதி பிழைக்க வாய்ப்பு உண்டு. வெட்டுப்பட்ட இடத்துத் தசை இறுகி வெட்டுவாயை மூடும், இடைச்சுவர் இருப்பதால் மற்ற அறைகளின் திரவம் வடிந்துபோகாது. மெல்ல வால் வளரும். பின்பாதிக்குத் தலை வளர்வது அநேகமாக நடக்காது. சில இனங்களில் வெட்டுவாயில் தலைக்குப் பதிலாக இன்னொரு வால் முளைத்த கதையும் உண்டு. இரண்டு வாலோடு எதையும் தின்ன முடியாமல் அது செத்துப்போகும். துள்ளலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கண்டத்திலும் நரம்பு முடிச்சு இருப்பதால் தலை இல்லாமலும் தசை ஆடும். பெரும்பாலும் முன்பாதி அமைதியாக ஊர்ந்து மண்ணுக்குள் போய்விடும், துள்ளுவது பின்பாதிதான்.

விதிவிலக்கு ஒன்று உங்கள் எருக்குழியிலேயே இருக்கலாம். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற நம் நாட்டுப் புழு, மேல்புறம் ஊதா கலந்த சிவப்பு, தொட்டால் வேகமாக நெளியும். அது தலையையும் வாலையும் மறுபடி வளர்க்கக்கூடியது. இது எல்லாப் புழுவுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டதால்தான் "இரண்டு புழுவாகும்" என்ற பேச்சு நிலைத்தது என்று நினைக்கிறேன்.

கூடவே ஒன்று. மண்புழு உரத்துக்கு விற்கிற ஆப்பிரிக்கப் புழுவையும் ஐசீனியாவையும் வாங்கி வயலில் விடாதீர்கள். அவை மட்கும் குப்பையில் மேலாக வாழ்பவை. மண்ணுக்குள் வளை போட்டுக் காற்றும் நீரும் இறங்க வழி செய்வது லாம்பிட்டோதான். அதற்கு ஈரமும் மூடாக்கும் கொடுத்தால் அதுவே பெருகும். டார்வின் 1881-இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, தம் கடைசி நூலை மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். இங்கிலாந்தில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் குடல் வழியாக மேலே வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. பார் பிடிக்கும் நாளில் பிழைக்கிற ஒவ்வொரு புழுவும் உங்கள் கூலியாள்தான்.

மரக்காணம் ஹேச்சரி:

எங்கள் பக்கத்துப் புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. தாய் இறாலுக்கு முட்டை நன்றாகக் கட்ட வேண்டும் என்றால் கடல்புழு கொடுக்க வேண்டும், பாலிகீட் என்போம். கழிமுகச் சேற்றில் எடுத்தது என்றால் வெள்ளைப்புள்ளி வைரஸைக் கொண்டுவந்துவிடுமோ என்று பயம், சோதிக்காமல் தொட்டியில் போடமாட்டோம்.

நான் கவனித்தது: சேற்றிலிருந்து எடுக்கும்போது வால் அறுந்த புழுக்கள் நிறைய வரும். வைத்திருந்தால் வால் பக்கம் வெளிறிய, ரொம்பச் சின்னக் கண்டங்கள் முளைத்திருக்கும். அட்டை 32-இல் நின்றுவிடும் என்கிறீர்கள். இது நிற்பதே இல்லை போலிருக்கிறதே? அப்புறம் சில புழுக்கள் திடீரென்று நிறம் மாறி, பின் உடல் முழுக்கத் துடுப்பு அகன்று, நீரின் மேலே வந்து கிறுக்குப் பிடித்தது போலச் சுற்றும். அடுத்த நாள் செத்துக் கிடக்கும். நோயா?

பழைய விலங்கியல்:

நோய் இல்லை, அதுதான் அதன் கல்யாண நாள். நெரீஸ் குடும்பத்துப் புழுக்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாரானதும் உடலையே மாற்றிக்கொள்கின்றன. கண் பெரிதாகும், குடல் சுருங்கும், பக்கக்கால்கள் நீந்தும் துடுப்பாக அகலும். சேற்றைவிட்டு மேலே வந்து முட்டையையும் விந்தையும் நீரில் கொட்டிவிட்டு இறந்துபோகும். சமோவாத் தீவில் பலோலோ என்ற புழு இன்னும் ஒரு படி மேலே. தலை பவளப்பாறைக்குள்ளேயே தங்கிவிடும், முட்டை நிறைந்த பின்பாதி மட்டும் கழன்று நீந்தி வரும். அந்தப் பாதிக்குக் கண்டத்துக்கு ஒரு கண்புள்ளி உண்டு. அக்டோபர், நவம்பரில் தேய்பிறையின் கடைசிக் கால் பகுதியில் அது வரும் இரவை ஊரே காத்திருந்து, வலைபோட்டு அள்ளிச் சாப்பிடுகிறது. ஒரு புழு, தன்னைக் கண்டம் கண்டமாகக் கட்டியிருப்பதால்தான் பாதியை அனுப்பிவிட்டுப் பாதியை வீட்டில் வைத்துக்கொள்ள முடிகிறது.

கண்டம் நிற்காமல் வளர்கிறதா என்ற உங்கள் ஊகம் சரி. வாலின் கடைசித் துண்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளர்பகுதி இருக்கிறது. புதுக் கண்டம் எப்போதும் அங்கிருந்துதான். அதனால் வாலோரம் இருப்பது இளையது, தலையோரம் இருப்பது மூத்தது.

ஹேச்சரியில் இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். கடல்புழுவின் இளவுயிரி டிரோக்கோஃபோர், பம்பரம் போல உருண்டு, இடுப்பைச் சுற்றி இழைகளோடு நீந்தும். கிளிஞ்சல், நத்தை இனங்களின் இளவுயிரியும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். 1817-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, கண்டம் இருப்பதை வைத்துப் புழுவையும் கணுக்காலிகளையும் ஒன்றாகச் சேர்த்தார். நான் படித்த காலத்திலும் அதுவே பாடம். 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது புழு கிளிஞ்சலின் பக்கம் போனது. இறாலும் மரவட்டையும், தோலுரிக்கும் உருளைப்புழுக்களோடு வேறு கிளைக்குப் போயின. ஆக டீச்சர், உங்கள் மாணவன் கேட்ட கேள்வி விலங்கியலாளர்களும் நெடுங்காலம் கேட்டதுதான். மரவட்டையைவிட நத்தைதான் அட்டைக்கு நெருங்கிய உறவு.

மலைப்பள்ளி டீச்சர்:

ஐயா, லைன் வீட்டு உதாரணத்தை இன்று சொன்னேன். பாதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள். நத்தை உறவு என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. உயிரை எடுக்காமல் கண்டத்தைக் காட்ட வகுப்பில் வேறு என்ன செய்யலாம்?

பழைய விலங்கியல்:

மண்புழு போதும். ஒன்றைக் கழுவி, மொரமொரப்பான பழுப்புக் காகிதத்தில் விட்டு, வகுப்பை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். சீட்டாக்கள் காகிதத்தைச் சுரண்டும் சத்தம் காதுக்குக் கேட்கும். அப்புறம் ஈரமான கண்ணாடியில் விட்டு லென்ஸில் முதுகுப்பக்கம் பாருங்கள். தோல் மெல்லிய இளம்புழு என்றால் முதுகு ரத்தக்குழாய் வாலிலிருந்து தலை நோக்கி அலையலையாகச் சுருங்குவது தெரியும். நிமிடத்துக்கு எத்தனை அலை என்று எண்ணச் சொல்லலாம். ரத்தம் சிவப்பு, ஹீமோகுளோபின் உண்டு, ஆனால் நம்மைப் போலச் சிவப்பணுவுக்குள் இல்லாமல் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. தோல் காய்ந்தால் புழு மூச்சுவிட முடியாது, அதனால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அட்டையை உப்போ சுண்ணாம்போ போட்டு எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். ஒல்லியான முன்முனையின் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பிடியை விலக்கி, பிறகு பின்முனையை எடுக்க வேண்டும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும். அதன் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத புரதம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

மலைப்பள்ளி டீச்சர்:

நன்றி ஐயா. காகிதச் சோதனையை வெள்ளிக்கிழமை செய்கிறோம். குட்டி அட்டைக்கும் பெரிய அட்டைக்கும் வளைய எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்க மூன்று பேர் இப்போதே லென்ஸ் கேட்டு நிற்கிறார்கள். கணக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.